நீக்கப்பட்ட மூன்று வரிசைகள்

கடலூர் முதுநகர், ஏலக்கூடத்துக்குப் பின்புறம்
ஐஸ் பெட்டி ஒன்றைக் கவிழ்த்து
மடிக்கணினி வைத்திருக்கிறேன்.
சார்ஜ் நாற்பது.

ஆர் மொழியில் முதல் வரி:
தரவு எது, கிடையில் எது, நெடுக்கில் எது.
ஓட்டினால் சாம்பல் கட்டங்கள் மட்டும்.
கீழே தேதி, பக்கத்தில் கிலோ,
நடுவில் ஒன்றுமில்லை.
படகு போகாத நாளில்
உப்பனாறு இப்படித்தான் கிடக்கும்,
எல்லாம் தயாராக.

வரியின் கடைசியில் ஒரு கூட்டல் குறி.
அடுத்த வரியின் தலையில் அல்ல, கடைசியில்.
இதைக் கற்க எனக்கு ஒரு ராத்திரி ஆனது.
இன்னும் இருக்கு என்று சொல்லிவிட்டுத்தான்
மூச்சு விட வேண்டும்.
இல்லையென்றால்
முடிந்தது என்று நினைத்துக்கொள்ளும்.

கூட்டல். புள்ளிகள் வந்தன.
நாளுக்கு ஒன்று, அன்றைய பெரிய பாடு,
மீனைப் பொறுத்து நிறம்.
கவலைக்கு வெள்ளி வைத்தேன்,
தெரியவில்லை, நீலமாக்கினேன்.
சங்கரா சிவப்பைக் கேட்டு வாங்கிக்கொண்டது.
கூட்டல். போக்குக் கோடு,
அதைச் சுற்றி மங்கலாக ஒரு பட்டை:
எனக்குத் தெரியாததின் அகலம்.
புயல் வாரத்தில் அது வயிறு உப்பிக் கிடந்தது.

பிறகு ஒரே ஒரு கட்டளை;
தொட்டால் படம் பேசத் தொடங்கியது.
தேதி, படகு, எடை.
கூடவே சிவப்பில் ஒரு வரி,
நான் எப்போதும் படிக்காத வரி:
மதிப்பில்லாத மூன்று வரிசைகள் நீக்கப்பட்டன.

ஏலம் கூறும் அஞ்சலாட்சி வந்தார்.
இந்தத் தரவெல்லாம் அவருடைய நோட்டு.
அவர் செல்போனுக்கே அனுப்பினேன்.
ஈர விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டார்.
“இது கலையமுதன் படகு. அன்னிக்கு மழை.”
“இது தப்பு. நாலாயிரம் இல்ல, நானூறு.
சைபரு ஒண்ணு கூடிப்போச்சு உனக்கு.”
திருத்தினேன். கோடு மயிரிழை இறங்கியது.
திரையில் ஒரு செதில் ஒட்டியிருந்தது.
புள்ளி என்று நினைத்து நான் அதையும் தொட்டேன்.
ஒன்றும் சொல்லவில்லை.

“பத்தொன்பதுக்கு அப்புறம் இருபத்திமூணு வருது.
நடுவுல மூணு நாளு எங்க?”
“நோட்டுல வெறும் கோடுதான் இருந்துச்சுக்கா.”
“மீன் வந்துச்சு. கூடை கூடையா வந்துச்சு.
வலைக்குக் கடன் கொடுத்தவன்
படகடியிலயே வண்டிய நிறுத்தி
ஏலத்துக்கு விடாம ஏத்திக்கிட்டுப் போனான்.
தராசே எடுக்கல.”

போக்குக் கோடு அந்த மூன்று நாளையும்
கால் நனையாமல் தாண்டியிருந்தது.

சைபர் வைக்க முடியாது, மீன் வந்திருக்கிறது.
சராசரி வைக்கலாம்;
அது மற்ற நாட்களிடம் வாங்கும் கடன்.
சார்ஜ் பதினொன்று.

கூட்டல். இன்னோர் அடுக்கு:
அடி அச்சின் மேல் மூன்று வெற்று வட்டங்கள்,
நிறமில்லை, உயரமில்லை.
தொட்டால் எண் வராது.
தராசே எடுக்கல, என்று வரும்.

மூன்றையும் தொட்டுப் பார்த்தார்.
நடு வட்டத்தை இரண்டு முறை.
“பேரு போட வேணாமா? ஏத்திக்கிட்டுப் போனவன் பேரு?”
“நீங்க சொன்னா போடுறேன்.”

அவர் சொல்லவில்லை.
செல்போனை இடுப்பில் செருகிக்கொண்டு
கூடத்துக்குள் போய்விட்டார்.
நூறு, நூத்திருவது, நூத்திருவது என்று
குரல் மட்டும் வருகிறது.

நான் பெயருக்கான வரியை நம்பி
கூட்டல் போட்டுவிட்டிருந்தேன்.
கீழே, அதே குறியை எனக்கே காட்டி,
ஆர் காத்திருக்கிறது.