குறைந்தவர் ஜெயிக்கும் ஆட்டம்

கும்பகோணத்தில் பாத்திரக்கடைக்கு மேல் இரண்டாம் மாடி.
ஷட்டர் இறங்கிய பிறகு எங்கள் வேலை தொடங்கும்.
ஸ்வீடனிலிருந்து பழைய கோல்ஃப் அட்டைகள்,
படமாகத் திரையில் வரும்.
பதினெட்டுக் கட்டம், பதினெட்டு எண், ஒரு கையெழுத்து.
பார்த்துத் தட்டினால் அட்டைக்கு எழுபது காசு.

முதல் மாதம் முழுக்க
எண்பத்தொன்று எடுத்தவளுக்காகச் சந்தோஷப்பட்டேன்.
அறுபத்தெட்டைப் பார்த்து, பாவம், தேறவில்லை என்றேன்.
சூப்பர்வைசர் அகோரம் டீயைச் சிந்திச் சிரித்தார்:
"கொறஞ்சவங்கதாம்மா ஜெயிப்பாங்க."
மாவுக்கு எத்தனை மூட்டை என்று
கேட்டே வளர்ந்த காதில்
அது ஏற நாளானது.

அவள் பெயரில் முதல் எழுத்தின் தலைமேல்
ஒரு சின்ன வட்டம்.
விசைப்பலகையில் அது கிடையாது.
ஆல்ட்டை அழுத்திக்கொண்டு
சுழியம், இரண்டு, இரண்டு, ஒன்பது.
ஆசா என்று படித்தேன். ஆசா தோர்னெவிக்.
எட்டு மாதம் கழித்து, அது ஓசா என்றார்கள்.
நான் மாற்றிக்கொள்ளவில்லை.

கட்டுகள் கலைந்து வந்தன.
முதலில் பார்த்தபோது அவளுக்கு முப்பத்தேழு.
ஓரத்தில் பென்சிலால் ஒரு சொல்; தேடினேன்: மணிக்கட்டு.
மறுவாரம் அவளுக்குப் பத்தொன்பது,
கையெழுத்து கட்டத்தைத் தாண்டி ஓடுகிறது.
பிறகு அந்த ஒரே கோப்பை, 1999 ஆகஸ்ட்:
எழுபது, அறுபத்தொன்பது, எழுபத்தொன்று, அறுபத்தாறு.
அதற்கப்புறம்தான் எனக்கு 1996 கிடைத்தது.
வரிசையாக ஏழு போட்டியில் கட் தாண்டவில்லை.
இரண்டாம் நாள் சாயங்காலம்
பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்,
பரிசும் இல்லை, பஸ் காசும் இல்லை.
பொறு, இன்னும் மூன்று வருஷம்தான் என்று
திரையிடம் சொன்னேன்.
எங்களுக்கு கட் என்றால் கரண்ட்.
அதுவும் அப்போது பார்த்துப் போயிற்று.

பந்து தண்ணீரில் விழுந்தால் ஓரடி தண்டம்.
இதை அண்ணன் பக்கிரிசாமியிடம் சொன்னேன்.
"தண்ணி இருக்குறதுக்கா தண்டம்?" என்றான்.
அந்த வருஷம் கடைமடைக்கு
வாய்க்காலில் செய்திதான் வந்தது.

ஒரு டிசம்பர், தெற்கு ஸ்பெயின்,
ஆட்ட உரிமையை மறுபடி வாங்கத் தகுதிச்சுற்று.
அந்த மைதானத்துப் புல் என்ன புல் என்று தேடினேன்.
பெர்முடா. நம்ம அருகுதான்.
பக்கிரிசாமி வரப்பில் மருந்தடித்தும் சாகாத அருகு.
அதை மழித்து, உருட்டி, பாய்போல் படிய வைத்து
அதன்மேல் மூச்சைப் பிடித்து நிற்கிறாள் ஒருத்தி.
ஓரடியில் உரிமை போனது.

கடைசி அட்டை கடைசியாக வரவில்லை.
நடுவில், ஒரு செவ்வாய்க்கிழமை,
இருமல் மருந்துத் தூக்கத்தில் இருந்தபோது வந்தது.
2011 ஜூன். மழை பட்டு மை ஊறியிருந்தது.
பதின்மூன்று கட்டம் நிரம்பியிருக்க,
மீதி ஐந்தும் வெறுமை.
வெறுமையை எங்கள் மென்பொருள் வாங்காது.
"ஒம்பது ஒம்பதாப் போட்டு அனுப்பிடு," என்றார் அகோரம்.
போட்டேன்.
அவள் அடிக்காத நாற்பத்தைந்து அடி.
இருபது வருஷம் ஒன்றொன்றாகக் குறைக்கப் பாடுபட்டவள் கணக்கில்
என் விரல் அரை நிமிஷத்தில் ஏற்றியது.
மறுநாள் திருத்தக் கேட்டேன்.
கட்டு மூடியாச்சு என்றார்.

இப்போது நார்வே. மீன்பிடி உரிமங்கள்.
அங்கேயும் அந்த வட்டம் உண்டு.
ஐந்தே முக்கால் நாச்சியார்கோவில் பஸ்ஸில்
டிபன் பாக்ஸ் மூடிமேல் என் வலது கை
தானாகத் தட்டுகிறது:
சுழியம், இரண்டு, இரண்டு.
பக்கத்து சீட்டுக்காரம்மா
எதையாவது மறந்துட்டியா என்கிறாள்.