மணிக்கு இரண்டு டாலர்

எல்கோ. நெவாடாவின் வடகிழக்கு மூலை.
ஜனவரி. வெளியே பூஜ்யத்துக்குக் கீழே இருபது.
உள்ளே பருவமில்லை, கடிகாரமில்லை.
கம்பளத்தில் மட்டும்
யாரும் பறிக்காத ஊதாப் பூக்கள்
இருபத்துநாலு மணி நேரமும் பூத்துக் கிடக்கின்றன.

அமாயா சீட்டுப் போடுகிறாள், பதினோராவது வருடம்.
எல்லோரும் அவளிடம் கேட்பது ஒன்றுதான்:
எதில் ஜெயிக்கலாம்?
அவளுக்குச் சொல்லத் தெரிந்தது வேறு:
எதில் எவ்வளவு தோற்கலாம்.

நூறு டாலர் வையுங்கள், என்பாள்.
ரூலெட் அதில் ஐந்தேகால் எடுத்துக்கொள்ளும்.
முப்பத்தெட்டு குழி வெட்டிவிட்டு
ஜெயித்த ஒன்றுக்கு முப்பத்தைந்து கொடுக்கும்.
அவ்வளவுதான் அதன் நாணயம்.
இருபத்தொன்றில், மனப்பாடமாக ஆடினால், அரை டாலர்.
யார் மனப்பாடமாக ஆடுகிறார்கள்?
கையில் பதினாறு, எதிரே என் பத்து,
அத்தனை பேருக்கும் விரல் நடுங்கும்.
பகடையில் ஒன்றரைக்குக் கொஞ்சம் குறைவு.
மின்னுகிற எந்திரங்கள் ஏழோ எட்டோ,
அதன் வயிற்றுச் சில்லுக்கே வெளிச்சம்.
கீனோ இருபத்தைந்துக்கு மேல்.
வழிப்பறிக்காவது முகமூடி வேண்டும்.
கீனோவுக்கு எண்ணைக் குறிக்க
ஒரு கறுப்பு மெழுகுக் குச்சி போதும்.

இவ்வளவையும் வாரிக்கொள்வதை அவர்கள் வீடு என்கிறார்கள்.
வீட்டின் பங்கு. வீடு தோற்பதில்லை.
அவள் மொழியில் அது வெறும் சுவரும் கூரையும்.
இதை எழுதுகிற என் மொழியில்
அறம் பொருள் இன்பம் மூன்றும் தாண்டி வருவது.
பொருளைத் தொலைத்தவர்கள்
விடியவிடிய வாசலைத் தேடுவதைப் பார்க்கையில்
என் மொழியும் அவ்வளவு தப்பில்லை.

பகடை மேசையில் மட்டும்
வீட்டுக்குச் சல்லிக்காசு விடாத பந்தயம் ஒன்றிருக்கிறது.
புள்ளி விழுந்தபின் கோட்டுக்குப் பின்னால் வைப்பது.
பத்து என்றால் ஒன்றுக்கு இரண்டு,
ஆறு என்றால் ஐந்துக்கு ஆறு.
வாய்ப்பு எவ்வளவோ கூலி அவ்வளவு.
துணியில் எல்லாவற்றுக்கும் கட்டம் உண்டு, பெயர் உண்டு.
அதற்கு இல்லை.
தெரிந்தவன் வைப்பான்.

ஓரின் டக்கெட் ஆறு மணிக்கு வருவார்.
நாலு, பதினேழு, முப்பத்தொன்று, அறுபத்திரண்டு.
தினமும் அதே நாலு எண்.
இடைவேளையில் அமாயா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்:
இருக்கிறதிலேயே மோசமான ஆட்டம், தெரியுமா?
அவர் சீட்டைத் திருப்பி மெழுகால் எழுதினார்.

"ஒரு டாலர் சீட்டு. மணிக்கு எட்டு ஆட்டம்.
கால் பங்கு போனால் இரண்டு டாலர்.
உன் மேசையில் பதினைந்துக்குக் குறைந்து விடமாட்டாய்.
மணிக்கு எழுபது கை. அரை வீதம்தான், சரி,
ஐந்தேகால், அதுவும் நான் தப்பே செய்யாவிட்டால்.
அதோ அந்த அம்மாள்,
தட்டுக்கு அரை டாலர், மணிக்கு அறுநூறு தட்டு.
நீயே போட்டுக்கொள்.
என் டிரெய்லரில் ஹீட்டர்
மணிக்கு இரண்டரை குடிக்கிறது.
இங்கே காபி வேறு சும்மா."

முப்பது வருடம் சரக்கு ரயிலில் பிரேக் பிடித்தவர்.
சரிவு எவ்வளவு என்று எவனும் சொல்வான்,
எந்த வேகத்தில் இறங்குகிறோம், அதைக் கேள் என்றார்.
எந்திரத்து அம்மாளுக்கு இருபத்துநாலு வந்தது.
அமாயா இரண்டு தரம் போட்டுப் பார்த்தாள்.
பதினோரு வருடமாக வீதம் தெரியும்.
கடிகாரத்தால் பெருக்கியதில்லை.

இரவு இரண்டுக்கு வேலை முடிந்து
தெருவுக்கு எதிர்ப்புறம் போனாள்.
சொந்த வீட்டில் ஆடக்கூடாது, அது விதி.
கோட்டில் பத்து. புள்ளி எட்டு.
பின்னால், பெயரில்லாத இடத்தில், ஐம்பது.
ஏழு விழுந்தது.
அந்த ஐம்பதில் வீட்டுக்குப் பங்கில்லை.
முழுக்க நியாயமாகப் போன காசு.
ஆனாலும் பர்ஸ் அதே அளவுக்குத்தான் இளைத்திருந்தது.

வாகனம் நிறுத்துமிடத்தில்
ஓரினின் பிக்கப் இன்னும் நின்றது,
கண்ணாடியில் விரல் கனத்துக்குப் பனி.
ஆறு மணிக்கு வந்தவர்.
எட்டு மணி நேரம், பதினாறு டாலர் என்று
அவள் வாய் தானாகச் சொல்லிற்று,
வெள்ளைப் புகையாக.