கானைத் தாண்டினால் அவுட்

எங்கள் மைதானத்துக்கு மூன்று பக்கம்தான்.
நாலாவது பக்கம் பள்ளம்.
பள்ளத்தில் பதினேழாம் நம்பர் மலை,
அதற்கும் பணிய ஆறு.
அந்தப் பக்கம் தூக்கி அடித்து
பந்து கானைத் தாண்டினால்
சிக்சர் இல்லை, அவுட்.
போல் என்ன, சும்மாவா கிடைக்கிறது?
நோர்வூட்டிலிருந்து வந்த டீம்காரன் ஒருத்தன்
இதென்ன சட்டம் என்று சிரித்தான்.
முதல் ஓவரிலேயே அடித்துவிட்டு
பெட்டைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நடந்தான்.

சித்திரை லீவுக்கு ஏழு மெட்ச்.
ஏழையும் பார்த்துவிடுவேன்.
கொழுந்து நிறுத்த கையோடு,
படங்கைக்கூட அவிழ்க்காமல்
கான் ஓரக் கல்லில் வந்து உட்காருவேன்.
கூட்டமெல்லாம் மைக் பக்கம்.
மைக்கில் கிங்ஸ்லி:
ஓடி வருகிறார், ஓடி வருகிறார், ஐயோ வைட்!
அவனுக்கு எல்லாப் பந்தும் ஐயோதான்.

எனக்கு பெட் பிடிக்கிறவனைவிட
பீல்டிங் நிற்கிறவனைப் பார்க்கத்தான் பிடிக்கும்.
பந்து வராத நேரத்தில்
அவன் என்ன செய்கிறான் என்று.
ஒருத்தன் தேயிலைப் பூவைப் பிய்ப்பான்.
ஒருத்தன் போனில் சிரிப்பான்.
தவசீலன் மட்டும்
ஒவ்வொரு பந்துக்கும் முழங்காலில் கை ஊன்றிக் குனிவான்.
கொழும்பில் செருப்புக் கடையில் நிற்கிற பையன்.
அங்கேயும் நாளெல்லாம் குனிவுதான்.
பதினோராவது ஆள்.
பெட் பிடிக்க முறை வராது, பந்து போடத் தரமாட்டார்கள்.
கான் ஓரம் கிடைக்கும்.
இரண்டு வருஷமாக
எனக்கும் அவனுக்கும் நடுவில் பத்தடி.
ஒரு வார்த்தை பேசியதில்லை.

பைனல் அன்றைக்கு
மூன்று மணிக்கே மூட்டம் ஏறிவிட்டது.
முதலில் ஸ்டோர் போனது,
அப்புறம் கோயில்,
அப்புறம் ஸ்கோர் பலகை,
கடைசியில் பெட் பிடித்தவனும் போய்விட்டான்.
நிறுத்துவோம் என்றார் அம்பயர்.
நிறுத்தினால் கப்பை யார் வீட்டில் வைப்பது
என்று சண்டை வந்தது.
ஆடினார்கள்.

ஒரு பந்து, நாலு ரன்.
வெள்ளைக்குள்ளே டொக் என்றது.
கிங்ஸ்லிகூட வாய் மூடினான்.
பிறகு என் பக்கத்தில் ஒரு சத்தம்.

தேயிலையில் விழுந்தால் சரக்கென்று கேட்கும்.
கானில் விழுந்தால் தண்ணீர் சொல்லும்.
இது ரெண்டும் இல்லை.
ரொட்டிக்கு மாவைத் தட்டினாற்போல
ஒரே ஒரு தட்டு.

மூட்டத்திலிருந்து வந்தான் தவசீலன்,
இடுப்புவரை சேறு,
கையில் பந்து.
பொறுக்கிக்கிட்டு வந்திட்டான்டா என்று சிரித்தார்கள்.
எப்படியும் அவுட்தான், ஜெயித்தாச்சு,
கான் என்று எழுது என்றார் அம்பயர்.
அவன் ஒன்றும் சொல்லவில்லை.
பந்தைத் துடைத்துக் கொடுத்துவிட்டு
ஓரமாக நின்றான்.

ஸ்கோர் எழுதுவது
எங்கள் கணக்கப்பிள்ளை புவனேந்திரன்.
காலையில் என் கொழுந்தில்
ஈரத்துக்கென்று இரண்டு கிலோ வெட்டி
அரைப்பேர் போட்ட அதே பேனா.
நான் மைதானத்துக்குள் கால் வைத்ததே இல்லை.
பிச்சின் மேலேயே நடந்து போனேன்.
அது கெட்ச், என்றேன்.
அவன் பேரைப் போடு.

நீ பார்த்தியா?
பார்த்தேன்.

கண்ணுக்கு ஓரடி தூரத்தில் என் கையே தெரியவில்லை.
இருந்தாலும் பார்த்தேன்.

புவனேந்திரன் என் முகத்தைப் பார்த்தான்.
கானை வெட்டிவிட்டு
தவசீலன் என்று எழுதினான்.
ஈரத் தாளில் மை ஊறி
சீ கொஞ்சம் பெருத்துப் போனது.
முழுப் பேர்.

லயத்துக்கு இறங்கும்போது
பின்னால் காலடி கேட்டது.
கிட்ட வந்தான்.
ஏதோ சொல்லப் போகிறான் என்று நின்றேன்.

அக்கா, கால்ல அட்டை, என்றான்.

குனிந்து பார்த்தேன்.
மூன்று.