நான்காம் தடம், இரண்டு கடிகாரங்கள்

ஒரு தடத்துக்கு இரண்டு பெற்றோர்,
ஆளுக்கொரு ஸ்டாப்வாட்ச்.
சொந்தப் பிள்ளையின் தடத்தில் நிற்கக்கூடாது என்பது விதி;
ஆள் போதாமல் நிற்கிறேன்.
என்னோடு பல் மருத்துவர் லோர்ன் ஹெக்கர்ட்.
குளோரின் நெடி. ஈரத் தரையில்
இருவருக்கும் சாக்ஸ் நனைந்துவிட்டது.

மினசோட்டாவில் டிசம்பர்.
வெளியே பனி அள்ளும் வண்டி
பின்னால் வரும்போதெல்லாம் கத்துகிறது.

ஒடாலிஸ் ஊருக்குப் புதியவள்.
நாளை நண்பகலுக்குள் ஒரு வீட்டுக்கு
விலை சொல்லியாக வேண்டும்.
மூன்று படுக்கையறை, ஒழுகும் நிலவறை,
ஆனால் பள்ளி எல்லைக்கோட்டுக்கு இந்தப் பக்கம்.
அந்தக் கோட்டுக்கு மட்டும்
ஒரு லட்சத்து இருபதாயிரம் டாலர் கூடுதல்.
"பள்ளிக்கூடம் எப்படி?" என்றாள்.

அப்போதுதான் விசில்.
ஐந்நூறு கஜம், இருபது நீளம்.
பேச நிறைய நேரம்.

"பல்லுக்குக்கூட நான் உத்தரவாதம் தருவதில்லை,
இந்தப் பள்ளிக்குத் தருவேன்" என்றார் லோர்ன்.

மூன்றாம் தடத்திலிருந்து பிரிட்டா:
"கணக்கு பிரமாதம்.
பாதிப் பேர் அதை வெளியே காசு கொடுத்துப்
படித்துவிட்டு வருகிறார்கள்.
ஆசிரியருக்குத் திருத்துகிற வேலைதான்."

"செல்லோ மட்டும் பதினான்கு! ஆர்க்கெஸ்ட்ராவைப் போய்க் கேளுங்கள்."

"கழிப்பறையைப் பூட்டி வைக்கிறார்கள்.
என் மகன் காலையிலிருந்து தண்ணீரே குடிப்பதில்லை."

"ஓர் ஆலோசகருக்கு நானூறு பிள்ளைகள்.
சிபாரிசுக் கடிதத்தில் பெயர் என் மகளுடையது,
மிச்சமெல்லாம் வேறொருத்தி."

மிஸஸ் நோ குனிந்து
கடிகாரத்தின் கயிற்றை விரலில் சுற்றிக்கொண்டே:
"என் பையன் நடுத்தரம்.
இந்த ஊரில் அந்தச் சொல்லை
வீட்டுக்குள்கூட மெல்லத்தான் சொல்கிறோம்."

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதமாம்.
இங்கே ஆறு பருக்கை, ஆறும் ஆறு வேக்காடு.
பானை ஒன்றுதானா என்றே எனக்குச் சந்தேகம்.

ஒடாலிஸ் எல்லாவற்றையும் கைபேசியில் குறித்தாள்.
பிறகு என்னைப் பார்த்தாள்.

என்னிடமும் எண்கள் உண்டு.
மாநிலத்தில் ஒன்பதாவது இடம், போன வருடம் ஏழு.
அந்த இரண்டு படிச் சரிவுக்கு
நூலகத்தில் அவசரக் கூட்டம் போட்டோம்,
மைக்கைப் பிடித்து நானும் பேசினேன், கைதட்டினார்கள்.
அந்த மாதம்தான் மார்கிட்
மதியச் சாப்பாட்டைக் காருக்குள் உட்கார்ந்து
சாப்பிட ஆரம்பித்திருந்தாள்.
எனக்குத் தெரியாது.
கண்டுபிடித்தவர் வண்டி நிறுத்துமிடக் காவலர் டுவேன்.
கண்ணாடியைத் தட்டி
"என் கூண்டுக்குள் ஹீட்டர் இருக்கிறது, வா" என்றாராம்.
மாசி முழுக்க
அவருடைய மடக்கு நாற்காலியில் என் மகள்.
அவர் குறுக்கெழுத்துப் போடுவார்,
இவள் எழுத்துப் பிழை சொல்வாள்.

"நல்ல பள்ளிதான்" என்றேன்.
அந்தத் 'தான்' எந்தப் பக்கம் சாய்ந்தது
என்று எனக்கே தெரியவில்லை.

மணி அடித்தது, கடைசி இரண்டு நீளம்.
நாங்கள் விளிம்புக்குக் குனிந்தோம்.
மூன்றாவதா, ஐந்தாவதா, நான் எண்ணவில்லை;
சுவரைத் தொட்ட கை அவளுடையது.
கண்ணாடியை நெற்றிக்குத் தள்ளிவிட்டு
அண்ணாந்து பார்த்தாள்,
மூச்சுக்கு மூச்சு இடையில்
"அப்பா, உன் சாக்ஸ்" என்று சிரித்தாள்.

லோர்ன் படித்தார்: "ஆறு நிமிடம், இரண்டு விநாடி, முப்பத்தொன்று.
உங்களுடையது?"
தாளில் இரண்டாவது கட்டம் காலி.
நான் அழுத்தவே இல்லை.

பின்னாலிருந்து ஒடாலிஸ் தணிந்த குரலில்
"நீங்களாக இருந்தால் எவ்வளவு சொல்வீர்கள்?"
கடிகாரத்தை உள்ளங்கையில் கவிழ்த்தேன்.
ஆறு நாற்பது.
ஆறு நாற்பத்தொன்று.