வெளிநடப்பு

பதினாறு அந்தப் பக்கம். பதினாறு எங்கள் பக்கம்.
நடுவில் நீ:
பத்தொன்பதாம் வார்டு சுயேச்சை,
சீப்புச் சின்னத்தில் நின்று ஜெயித்த வழுக்கைத் தலை
நோட்டரி வக்கீல் திம்மராயன்.
இவன் நம் தாளத்துக்கு ஆடுவான் என்று அவர்கள் நினைத்தார்கள்.
நாங்களும் அதையேதான் நினைத்தோம்.
கிருஷ்ணகிரி நகராட்சிக்கு அப்படித்தான்
ஒரு தலைவர் வாய்த்தாய்,
ரெண்டு கணக்கும் தப்பி.

ஐந்து வருடத்தில் நாற்பத்தோரு தடவை
நான் வெளிநடப்பு செய்தேன்.
சும்மா சொல்லக் கூடாது, அதில் நான் கெட்டிக்காரன்.
நாற்காலியைச் சத்தம் வரப் பின்னால் தள்ளுவது,
துண்டை உதறுவது,
படியில் ஒருமுறை நின்று திரும்பி
"மக்கள் பாத்துக்கிட்டிருக்காங்க" என்பது.
மக்கள் யாரும் இருக்க மாட்டார்கள்.
ஜப்பார் கடையில் எனக்கு ஒரு டீ இருக்கும்.
காசு வேண்டாம் என்பான்.
நாலாம் வருடம்தான் தெரிந்தது
கணக்கு உன் பேரில் என்று.

மாங்கூழ் ஆலையில் ரெண்டாம் ஷிப்ட் விட்டுப்
பெண்கள் வரும் வழிக்கு விளக்கு என்றாய்.
என் வார்டுக்கு ஏன் இல்லை என்று எழுந்து போனேன்.
கிரானைட் பட்டறை ஒடியாக்காரர்களுக்குக்
கக்கூஸ், குளிக்க இடம், பிள்ளைகளுக்குப் பால்வாடி.
ஓட்டில்லாதவனுக்கு எதுக்கு என்றேன்.
"ஓட்டு இல்ல. வயிறு இருக்கே" என்றாய்.
உன் பதில் குறிப்பேட்டில் ஏறியது.
என் கேள்வியும் ஏறியது.
அதை அழிக்கச் சொல்லி ரெண்டு மனு கொடுத்தேன்.

பஸ் ஸ்டாண்ட் பலகையில் தமிழுக்குக் கீழே
தெலுங்கு, கன்னடம், உருது.
உன்மேல் மை வீசினார்கள்.
வீசிய பையனை எனக்குத் தெரியும்.
அவன் பைக்குக்குப் பெட்ரோல் போட்டவனையும்.
அடுத்த கூட்டத்துக்கு அதே சட்டையில் வந்தாய்,
தோளில் நீலத் திட்டோடு.
வேற சட்டை இல்லயா என்று யாரோ கேட்க,
"இருக்கு. டெண்டர் விடாம இந்த ஊர்ல நடந்த
ஒரே வெள்ளையடிப்பு இதுதான், காட்ட வேணாமா?"
அன்றைக்குச் சிரிப்பை அடக்க முடியாமல் வெளியே ஓடினேன்.
அதையும் வெளிநடப்பு என்றே எழுதிக்கொண்டார்கள்.

சுடுகாடு. அதுதான் உன்னைக் கவிழ்த்தது.
ஐந்து தெருவுக்கு ஐந்து சுடுகாடு, ஐந்து பலகை,
ஒருவர் பாடைக்கு இன்னொருவர் வழிவிடாத ஊரில்
எல்லோருக்கும் ஒரே தகன மேடை,
ஒரே புகைபோக்கி.
நான் ஒன்றரை மணி நேரம் எதிர்த்துப் பேசினேன்.
அந்தப் பக்கம் காண்டிராக்டுக்காகக் கை தூக்கியது.
நீ எதற்காகத் தூக்கினாய் என்று
அன்றைக்கு எனக்குப் புரியவில்லை.

மேடை கட்டி முடித்த ஐப்பசியில்
என் தம்பி போனான்.
எங்கள் சுடுகாட்டில் இடுப்பளவு தண்ணீர்.
ராத்திரி ஒன்பதுக்குமேல், பறை இல்லாமல், பட்டாசு இல்லாமல்
அங்கேதான் தூக்கிப் போனோம்.
நீ வரவில்லை.
வந்திருந்தால் அவமானத்தில் நானும் கூடவே போயிருப்பேன்.
ரசீது மட்டும் வந்தது.
எழுநூற்றைம்பது ரூபாய்.
செலுத்தியவர் பெயர் என்ற இடம் காலி.

சின்ன ஏரியை நீ சுத்தம் பண்ணவில்லை,
அதையும் சொல்லத்தான் வேண்டும்.
மூன்று முறை அளந்தாய்,
நாலாவது முறையும் ஆகாயத்தாமரை பூத்தது.
கோபம் வந்தால் ஃபைலை வீசுவாய்.
ஒருதடவை இன்ஜினியர் கண்ணாடி உடைந்தது.
மறுதேர்தலில் முப்பத்தாறு ஓட்டில் தோற்றாய்.
எண்ணிக்கை ஹாலில் என் மாலைகளை விலக்கிக் கை கொடுத்து
"ஏரியப் பாரு" என்றாய்.
நானும் பார்க்கவில்லை.

போன செவ்வாய், ஓசூர் பஸ்ஸில்,
சூளகிரி தாண்டி,
மீதி எட்டு ரூபாயோடு கண்டக்டர் வந்தபோது
ஜன்னலில் தலை சாய்த்திருந்தாயாம்.
ரெண்டு தடவை "சார்" என்றிருக்கிறான்.

இன்றைக்குக் கூட்டம்.
பொருள் எண் ஒன்று: இரங்கல்.
முன்மொழிய யாரும் எழவில்லை.
ரெண்டு பக்கமும் குனிந்து செல்போனைத் தடவிக்கொண்டிருந்தது.
நான் எழுந்தேன்.
பழக்க தோஷம், நாற்காலி சத்தம் போட்டது.
எல்லோரும் வாசலுக்கு வழிவிட்டுக்
காலை மடக்கிக்கொண்டார்கள்.
வெளியே ஜப்பார்
டீ ஆற்றத் தொடங்கிவிட்டான்.