எட்டு விரல்

"கார் உறுமுது, பறக்குது,
ஆனா கைக்கு ஒண்டும் சொல்லுதில்ல" என்றார்.
முறைப்பாட்டுக் கொப்பியில் எழுதிக்கொண்டேன்:
ஸ்டியரிங் ஊமை.

இரண்டு கதவுச் சிவப்புக் கார்.
கொழும்பிலிருந்து வந்து மூன்று மாதம்.
சொந்தக்காரர் யூட் பெனடிக்ற், பாஷையூர்,
அதற்கு முதல் பதினெட்டு வருஷம் சூரிச்.

கொக்குவில் கராஜில் அடியில் படுத்துப் பார்த்தேன்.
ராக், முட்டிகள், டயர்க் காற்று, எல்லாம் சரி.
குற்றம் இரும்பில் இல்லை.
சில்லுக்கும் கைக்கும் நடுவே
ஒரு மோட்டர் உட்கார்ந்திருக்கிறது,
மெத்த மரியாதையான மோட்டர்.
வீதி சொல்வதையெல்லாம் தானே கேட்டுவைத்துக்கொண்டு
"ஒண்டுமில்லை, நீங்கள் ஓடுங்கோ" என்கிறது.
வெளிநாட்டுக்குப் போன் எடுத்து
செத்தவரை
"கொஞ்சம் சுகமில்லை" என்று சொல்லும் சொந்தக்காரரைப்போல.

லப்டொப்பைக் கொழுவினேன்.
கை இவ்வளவு முறுக்கினால்
மோட்டர் இவ்வளவு தாங்கும் என்று ஒரு வளைகோடு.
அறுபதைத் தாண்டியும் தாங்கல் குறையவேயில்லை.
ஒற்றை விரலால் கார் தரிக்கிற யாரையோ நினைத்து
யாரோ கீறிய கோடு.
கீழே இழுத்தேன். பிறகு இன்னும் கொஞ்சம்.
அதிர்வை வடிக்கும் அரிதட்டின் கண்களைப் பெரிதாக்கினேன்.
கை விட்டால் நடுவுக்குத் திரும்பும் விசைக்கு
ஒரு நுள்ளு உப்பு.

பண்ணைப் பாலத்துக்குக் கொண்டுபோனோம்.
முதல் ஓட்டம்: "பாரம்."
இரண்டாவது: "வலப்பக்கம் நல்லா இருக்கு, இடப்பக்கம் இன்னும் ஊமை."
சென்சரின் சுழியத்தைத் திரும்ப அமைத்தேன்.
மூன்றாவது: இடப்பக்கம் ஊமை.
பதிவில் இரண்டு பக்கமும் ஒரே எண்கள்.
மடியிலிருந்த திரையை மூடிவிட்டு
அவருடைய கையைப் பார்த்தேன்.

இடது சின்னவிரலும் மோதிரவிரலும்
வளையத்தில் கிடந்தன, பிடிக்காமல்,
யாரோ மறந்துவிட்டுப்போன சாமான் மாதிரி.

நான் கேட்கவில்லை.
"லோண்டறி மெஷின்" என்றார், கண் வீதியில்.
"முழங்கைக்குள்ள நரம்பு. பதினொரு வருஷம்."
மண்டைதீவுச் சந்தி மட்டும் பிறகு பேச்சில்லை.
கச்சான் காற்று காரைத் தோளால் இடித்தது.

"இடப்பக்கத்துக்கு மட்டும் கூட்டிப் போடலாம்" என்றேன்.
சொன்னவுடனேயே வெட்கமாக இருந்தது.
எவ்வளவு கூட்டினாலும் அந்த இரண்டுக்கும் போய்ச் சேராது,
நேர் வீதியில் கார் ஒரு பக்கம் இழுக்கும், அவ்வளவுதான்.

அவர் சிரித்தார்.
"வேண்டாம் தங்கச்சி. கார் ரெண்டு பக்கமும்
உள்ளதைச் சொல்லட்டும்.
மிச்சம் எட்டு விரல் இருக்கெல்லே,
அதுகளுக்குப் போடுங்கோ."

கரையில் நிறுத்தி எழுதத் தொடங்கினேன்.
பற்றறி பன்னிரண்டு வோல்ற்றுக்குக் கீழே இறங்கினால்
எழுத்து பாதியில் அறும்,
ஸ்டியரிங் கல்லாகும்,
கொக்குவிலுக்கு லொறியில்தான்.
பன்னிரண்டு தசம் மூன்று.
பன்னிரண்டு தசம் ஒன்று.
நண்டுவலை கழற்றிக்கொண்டிருந்த இரண்டு பேர்
எங்களை ஏதோ செபம் சொல்பவர்கள் என்று நினைத்திருப்பார்கள்.
நூறு வீதம்.

திரும்பும்போது அவர் பேசாமல் ஓடினார்.
கொஞ்சத் தூரத்தில் உதடு அசைந்தது.
"ஒண்டு... ரெண்டு..."
பாலத்தின் பொருத்துகளை எண்ணுகிறார்,
கண்ணால் இல்லை.
ஏழில் ஒரு மோட்டார்சைக்கிள் வெட்டிப் புகுந்தது,
தூசணம் ஒன்று,
பிறகு மறுபடி ஒன்றிலிருந்து.

கராஜில்
கோப்புக்கு என்ன பெயர் என்று லப்டொப் கேட்டது.
திகதியை மட்டும் அடித்தேன்.
வெளியே ஒரு வாகன்ஆர்,
மஞ்சள் லைற் அணையுதில்லையாம்,
மத்தியானத்திலிருந்து நிற்கிறது.