உலைக்கு உலை

மூன்று நாளில் இரண்டாம் தடவை.
லியாண்டர் பில்லார்ட் பூட்ஸைக் கழற்றக் குனிகிறார்.
"வேண்டாம், தரையே பனிக்கட்டி" என்கிறாள்
மைரா ஆஸ்மண்ட்.

எண்ணெய்த் தொட்டி வெளியே,
கடலைப் பார்த்த சுவரோரம்.
போர்ட்-ஓ-பாஸ்க் மூடுபனிக்குப்
பூட்டெல்லாம் ஒரு பொருட்டா?
மூடி வழியே மூச்சாய் நுழைந்து
அடியில் தண்ணீராய்ப் படுத்துவிடும்.
ஒரு குடுவையில் வடித்துக் காட்டுகிறார்:
மேலே சிவப்பு எண்ணெய்,
கீழே இரண்டு விரற்கடைத் தண்ணீர்.
"இது கடலை எரிக்கப் பார்த்திருக்கிறது, அம்மா."

புகைபோக்கி வேறு கதை.
ரெக்ஹவுஸ் பக்கமிருந்து வருகிற காற்று
லாரியையே புரட்டிப் போடும்,
தகரத் தடுப்பை விடுமா?
இரவெல்லாம் அது
கதவைத் தட்டுவதுபோலவே தட்டுகிறதாம்.
இரண்டு முறை எழுந்துபோய்த்
திறந்தும் பார்த்தாளாம்.

அதற்கு அவர் பதில் சொல்லவில்லை.
கரியை வழித்தார்.
டார்ச்சை உள்ளே நீட்டினார்.
வெப்பக்கலத்தின் மடிப்போரம்
மயிரிழையாய் ஒரு விரிசல்.

"குளிரா?"

"குளிர் என்ன செய்யும்?
லாப்ரடாரில் ஐந்து குளிர்காலம் இருந்தேன்.
அக்டோபரில் பற்றினால் மே வரைக்கும் ஒரே மூச்சு,
இரும்பு பழகிவிடும்.
இங்கே காலையில் உறைபனி, மத்தியானம் மழை,
விளக்கேற்றுவதற்குள் மறுபடி உறைபனி.
பற்றி, அணைந்து, பற்றி, அணைந்து.
விரிந்த சூட்டோடு சுருங்கி,
சுருங்கிய கையோடு விரிந்து...
உலைக்கு உலை வைப்பது அதுதான்."

மைரா காலண்டரைத் திரும்பிப் பார்க்கவில்லை.
கார்லண்டுக்கு ஆல்பர்ட்டா எண்ணெய் மணலில் இருபது நாள்,
வீட்டில் எட்டு.
அவன் கப்பலேறியதும்
வெப்பத்தைப் பதினாலுக்கு இறக்குவாள்.
திரும்பும் நாளன்று இருபத்திரண்டு.
ஏழு வருஷமாக.

"ஒட்டவைக்க முடியாதா?"
"ஒட்டினால் புகை உங்கள் படுக்கையறையில்."
சிவப்பு அட்டையைக் கம்பியில் கட்டித் தொங்கவிட்டார்.
புதுக் கலம் நார்த் சிட்னியிலிருந்து வரவேண்டும்,
காற்று விட்டால் வியாழன்.

"அவரும் அந்தக் கப்பலில்தான்" என்றாள்.
"காற்று விடாவிட்டால்?"

வேனிலிருந்து மின்சார ஹீட்டர் ஒன்றைத் தூக்கிவந்தார்.
வாடகை பேசவில்லை.
"பதினெட்டில் வையுங்கள்.
யார் வந்தாலும் போனாலும்
பதினெட்டு."

ராத்திரி தகரம் தட்டியது.
மைரா எழுந்தாள்,
கதவுக்கல்ல.
எண் நகரவில்லை என்று பார்த்துவிட்டு
வந்து படுத்துக்கொண்டாள்.